ஏழாம் கட்டிலின் ஐந்தாவது குழாய்

“ஏழாம் கட்டிலுக்கு இன்னொரு தடவை ரத்தம் எடுத்து அனுப்புங்க, சார்.”

வார்டிடம் இதை மட்டும் கேட்கவே கூடாது என்று இரண்டு வாரத்துக்கு முன் வேலையில் சேர்ந்த அன்றே லேப் சீனியர் சொல்லியிருந்தார். கேட்டுவிட்டேன். அதற்குப் பிறகு நடந்ததை நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. நான் பட்டது நிஜம்.

ஞாயிறு மதியம். ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், ஜன்னலே இல்லாத ரத்தப் பரிசோதனை அறையில் நான் ஒருத்திதான். மேலே எடுக்கும் ரத்தம் சுவருக்குள் ஓடும் சின்ன லிஃப்டில் வரும். வந்தால் மணி அடிக்கும். ஏழாம் கட்டிலில் ஒரு லாரி டிரைவர். நெஞ்சு வலி தொடங்கி ஒரு மணி நேரம். இதயத் தசை சாகும்போது ட்ரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் கசியும். எவ்வளவு கசிகிறதோ அவ்வளவு சேதம். பதினான்கு வரை பயமில்லை. அவருக்கு ஒன்பது. ஆனால் கசிவு தெரியவே சில மணி நேரம் ஆகும். முதல் எண்ணை மட்டும் நம்பினால் ஆள் காலி.

டியூட்டி டாக்டர் போனில் சிரித்தார். “வெறும் கேஸ் ட்ரபிள்மா. வீட்டுக்கு அனுப்பப் போறேன்.”

“சார், ரொம்ப சீக்கிரம் எடுத்த ரத்தம் அது.”

“நாலு எழுத்து படிச்சா போதும், எல்லாரும் டாக்டர்.”

எங்கள் வீட்டில் நாலு எழுத்து படித்த முதல் ஆள் நான். பற்றிக்கொண்டு வந்தது. பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

நேரில் போய்க் கேட்கலாமென்று கதவுப் பூட்டில் என் அடையாள அட்டையைக் காட்டினேன். சிவப்பு விளக்கு. மறுபடியும் சிவப்பு. கதவு திறக்கவில்லை.

டிங்.

ஒரு குழாய். ‘ஏழாம் கட்டில்’ என்று ஒட்டியிருந்தது. டாக்டர் மனம் மாறிவிட்டார் என்று நினைத்தேன். குழாய் சூடாக இருந்தது... இந்த நொடி உடம்பிலிருந்து எடுத்ததுபோல. எந்திரத்தில் வைத்தேன். நாற்பது.

போனை எடுத்தேன். உயிரே இல்லை.

டிங். முந்நூறு.

கதவை அறைந்தேன். கத்தினேன். லிஃப்ட் பொந்துக்குள்ளிருந்து மூச்சிரைக்கும் சத்தம். ஒரு பெண்ணின் மூச்சு...

டிங். இரண்டாயிரம்.

அந்த மூச்சு நின்றது.

டிங்.

டிரைவருடையதைச் சேர்த்தால் ஐந்தாவது குழாய். பத்தாயிரத்துக்கு மேல் எந்திரத்துக்கு அளக்கத் தெரியாது. அதையும் தாண்டிவிட்டது.

இது ஜில்லென்றிருந்தது...

க்ளிக். கதவு தானாகத் திறந்தது.

மேலே ஓடினேன். டிரைவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். கையில் ஒரே ஒரு பஞ்சு.

“நாங்க ஒண்ணுதானேம்மா அனுப்பினோம்” என்றார் நர்ஸ் அக்கா.

“இப்ப எடுங்கக்கா. எடுக்காம இவர் படி இறங்க முடியாது.”

வழியை மறித்து நின்றேன். எடுத்தார். எண்பத்தாறு. டாக்டர் அவரை உடனே ஐசியூவுக்கு மாற்றினார். டிரைவர் பிழைத்துக்கொண்டார்.

மறுநாள் அந்த நான்கு குழாய்களிலும் ரத்த வகை பார்த்தேன். டிரைவர் ஓ பாசிட்டிவ். அவை ஏபி நெகட்டிவ்.

கேட்ட சீனியரின் முகம் வெளுத்தது. “போன மாசம் அதே கட்டில்ல ஒரு டீச்சரம்மா. ஏபி நெகட்டிவ்தான். ஒரே டெஸ்ட், கேஸ் ட்ரபிள்னு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. பஸ் ஸ்டாப்பைக்கூடத் தாண்டலை. மக வந்து கேட்டப்போ யாரும் வாயைத் திறக்கலை.” குரலைத் தாழ்த்தினார். “அந்த ரத்தத்தைக் கொட்டிடு. வெளியே மூச்சு விடாதே. வேலை போயிடும்.”

“அந்த மக வீடு எங்கே, சார்?”

சொல்லவில்லை. எனக்கென்ன, தேடிக்கொள்கிறேன். குழாய்களை ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு கதவுக்குப் போனேன்.

அட்டையைக் காட்டுவதற்கு முன்பே பச்சை விளக்கு எரிந்தது.

வெளியே நடந்தேன்.