பாடாமல் கடந்த வாசல்

இன்று பித்தளைச் சொம்பைப் புளி போட்டுத் தேய்த்தபோது, புதுச்சேரிப் பக்கத்துப் பாகூர் பஜனை கோஷ்டியின் ஜால்ரா மணத்தது. பிரெஞ்சுக்காரர் காலத்து மார்கழி விடியலில், அப்பா ஜால்ரா தட்ட, பிள்ளைகள் பின்பாட்டுப் பாட, ஈரக் கரும்புச் சோகை மணக்கும் தெருக்களில் வாசல் வாசலாக நின்று போவோம். சாவு விழுந்த வீட்டை மட்டும் பாடாமல் கடப்பது வழக்கம்.

தெருக்கோடி அஞ்சலை அத்தையின் மகன் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாயாகச் சைகோன் போயிருந்தான். அவன் இறந்த சேதி முந்தின மாலைதான் பெரியவர்களுக்கு எட்டியது. பஜனை முடிந்ததும் அவளிடம் சொல்வதாக இருந்தார்கள். ஆனால் அவள் வாசலில், சாவு வீட்டுப் பழக்கத்தால் அப்பா நிறுத்த, எல்லாக் குரலும் நின்றன.

“இன்னாண்ணா, எங்க வூட்டாண்ட தொண்டை கட்டிக்கிச்சா?” என்று சிரித்தாள். யாரும் நிமிராததைக் கண்டதும் அவள் சிரிப்பு நின்றது.

“பாடுண்ணா... ஒரு அடியாவது பாடிட்டுப் போண்ணா” என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா ஜால்ராவை மடியில் செருகிக்கொண்டார். அந்த மார்கழியோடு கோஷ்டியும் கலைந்தது.