திரையை மறைத்த மல்லிகைச் சரம்

கயல், இனியா, அப்பா இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும்.

சிங்கப்பூரின் தேக்கா சந்தைக்குக் காய்கறி ஏற்றும் நம் வேனில் புதுக் கருவி பொருத்தினார்கள். வண்டி இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் மூலம் அறிந்து, பள்ளியோ முதியவர்கள் நடமாடும் தெருவோ வந்தால், திரையில் காட்டி 'டிங்' என்று ஒலிக்கும். புதுப் பொருளாயிற்றே என்று சந்தனப் பொட்டு வைத்து, மல்லிகைச் சரமும் சாத்தினேன். பாட்டுக்கு இடைஞ்சல் என்று அதன் சத்தத்தை அணைத்துவிட்டேன்.

என்னோடு வேலை செய்யும் காதர் மாமா கேலி செய்தார். "அண்ணே, அது சாமி இல்லலா, ஸ்கிரீன்! அது கண்ணையே மூடிட்டீங்களே!" நான் சிரித்து மழுப்பினேன்.

மறுநாள் காலை தோ பாயோ வட்டாரத்தில் ஒரு வளைவில் திரும்பினால், நடுச்சாலையில் தள்ளுவண்டியோடு வயதான சீன அம்மா ஒருவர். "அண்ணே!" என்று மாமா கத்த, பிரேக்கை மிதித்தேன். பின்னால் தக்காளிப் பெட்டிகள் சரிந்தன. அவருக்கும் வேனுக்கும் ஒரு முழம்தான் இடைவெளி. ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். "ஸ்லோ, ஸ்லோ லா," என்று என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

உங்கள் பள்ளி வாசலிலும் இந்த 'டிங்'தான் ஒலிக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது.

இப்போதெல்லாம் பொட்டு வண்டிச் சாவிக்கு மட்டும்தான். அன்று மாமாவை இறக்கிவிட்டதும், சரத்தைக் கழற்றி, சந்தனத்தைத் துடைத்து, சத்தத்தைக் கூட்டினேன். பிறகு தனியாக அதே தெருவில் மெதுவாக ஓட்டிப் போனேன். 'டிங்' என்றது.

"சரிங்க," என்றேன்.