உறுமி ஓய்ந்த பிறகு வந்த குரல்

வாணி அக்காவின் தம்பி அழைத்தபோது அலோர் காஜா பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். "அக்கா போயிட்டாங்கண்ணே" என்றார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இன்னும் அது அடங்கவில்லை.

கிளினிக்கில் வேலை பார்த்துக்கொண்டே, இணையவழியில் இசைத் தொழில்நுட்ப முதுகலை படித்தவர் அக்கா. மலாக்காவிலிருந்து மூன்று பேர் அந்த வகுப்பில் சேர்ந்திருந்தோம். அக்கா, நான், நகரில் ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருக்கும் ஒருவர். அந்த மனிதரின் பெயரை எழுதி அக்காவின் பெயருக்குப் பக்கத்தில் உட்காரவைக்க எனக்கு மனம் இல்லை.

அக்காவின் ஆய்வு உறுமி மேளத்தைப் பற்றியது. பதிவு எடுக்கக் கோலா சுங்கை பாருவில் ஒரு கோவிலுக்கு நானும் கூடப் போனேன். தொடங்கும் முன்பே இடம், பதிவு எண், எடுத்தவர் பெயர் ஆகிய அடையாளங்களைச் சொல்லிப் பதிவதுதான் நாங்கள் படித்த முறை. அங்கேயோ, சூடம் காட்டிய பிறகு முதல் அடி விழும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. அக்கா காத்திருந்தார். வாசிப்பு முடிந்து, அதிர்வும் முழுக்க அடங்கிய பிறகே அவற்றைச் சொன்னார். நான் அவசரப்பட்டதற்கு, "முடியட்டும் லா, தம்பி. என்ன அவசரம்?" என்று சிரித்தார்.

கேட்டுப் பார்க்கிறேன் என்று அந்தப் பதிவுகளை வாங்கிய கூடத்துக்காரர், தம்முடையவை என்று முந்திக்கொண்டு சமர்ப்பித்துவிட்டார். பின்னால் கொடுத்த அக்கா திருடி ஆனார். அசலைக் காட்டினார். பல்கலைக்கழகத்திலோ, அதிலுள்ள குரலைப் பிறகு சேர்த்திருக்கலாமே என்றார்கள். ஆய்வு தள்ளுபடியானது. முறையீடு எழுதுவதற்குள் அக்காவுக்கு இருந்த நோய் முற்றிவிட்டது. "விடுங்க தம்பி, அவரும் பிள்ளைகுட்டிக்காரரு" என்றார். நான் விடுவதாக இல்லை.

அக்காவைப் புதைத்த வாரமே கூடத்துக்காரர் அந்தப் பதிவுகளைத் தம் பெயரில் இணையத்தில் வெளியிட்டார். நான் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலையோடு வந்தவர், "எனக்குத் தங்கச்சி மாதிரி" என்று தழுதழுத்தார். "அண்ணே, உங்க உறுமி ஒண்ணு போடட்டுமா, அக்காவுக்காக?" என்று கேட்டேன். பூரித்துப்போய்ச் சம்மதித்தார்.

உறுமி முழங்கி ஓய்ந்தது. நிறுத்துவதற்குக் கை நீட்டினார். "முடியட்டும் லா, அண்ணே" என்று கையைப் பிடித்துக்கொண்டேன். ஒலிபெருக்கியில் வெறும் அமைதி. பிறகு அக்காவின் குரல்:

"உறுமி, மூணாவது பதிவு. கோலா சுங்கை பாரு. எடுத்தது வாணி."

அடையாளம் தொடக்கத்தில்தான் இருக்கும் என்று எல்லாப் பதிவுகளின் தலையையும் நறுக்கியிருந்தார். வாலைக் கேட்க அவருக்கும் பொறுமை இல்லை, மதிப்பிட்டவர்களுக்கும் இல்லை. அக்காவின் தம்பி, படத்துக்கு அவர் போட்ட மாலையைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்தார். மனிதர் சாப்பிடாமல் போனார். எனக்கு அன்று சாப்பாடு நன்றாக இறங்கியது.

அவர் வெளியிட்ட கோப்பை இணைத்துப் பல்கலைக்கழகத்துக்கு முறையீடு அனுப்பிவிட்டேன். அக்காவுக்குப் பட்டம் வரும்வரை எழுதிக்கொண்டே இருப்பேன்.

அக்காவை அறிந்தவர்களே, அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரே பழக்கம்தான்: சத்தம் நின்றதும் எழுந்துவிடாமல் கடைசிவரை கேட்பது. மன்னிக்கும் குணமும் அவரிடம் இருந்தது. அதை அவரோடேயே புதைத்துவிட்டேன்.