குலைநடுங்கிக்கு முப்பத்தேழு அம்புகள்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஹெலனுக்குச் சம்பளமே குறை கண்டுபிடிப்பதற்குத்தான். தையல் விட்ட இடம், பசை வழிந்த இடம், தோலில் தழும்பு என்று எது கண்ணில் பட்டாலும் அங்கே ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார். பதினெட்டு வருஷ சர்வீஸ். அவர் கணவர் டேனியல் ஏன் அதிகம் வாய் திறப்பதில்லை என்பது இந்நேரம் விளங்கியிருக்கும்.

இப்பேர்ப்பட்டவருக்கு ஒரே பலவீனம், பேய்க்கதை. எண்பதுகளில் குடியாத்தத்திலிருந்து ‘குலைநடுங்கி’ என்றொரு சித்திரக்கதைப் புத்தகம் வந்தது. இதழுக்கு ஐந்து கதை. ஒவ்வொன்றையும் ஓர் எலும்புக்கூட்டு வாத்தியார் பல்லைக் காட்டியபடி தொடங்கிவைப்பார். பன்னிரண்டு இதழில் புத்தகம் செத்துப்போனது. பேய்ப் புத்தகம்தானே, எழுப்பிவிட்டால் போகிறது என்று கிளம்பிவிட்டார் ஹெலன்.

மூலப்படங்கள் எல்லாம் ஒரே கட்டாகப் பதிப்பாளரின் மகன் ஆதிகேசவனிடம் இருந்தன. ஆறு விசைத்தறியில் லுங்கி ஓட்டுபவர். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார்.

“இப்பல்லாம் எவம்மா பேய்க்கு பயப்படறான்? சரி, ஒரே ஒரு கதைய இந்தக் காலத்துக்கு மாத்தி வரைஞ்சு எடுத்துனு வா. நான் பயந்தா மொத்தக் கட்டும் உனுக்கு. பயப்படலன்னா பழைய பேப்பர்காரனுக்கு.”

ஹெலன் உட்கார்ந்து யோசித்தார். பழைய கதையில் பேய் கிணற்றிலிருந்து ஏறி வரும். இப்போது கிணற்றுக்கு எங்கே போவது? போர்வெல்லில் இறக்கினால் பேய் ஆறு அங்குலத்துக்கு இளைக்க வேண்டும். ஆகவே கம்பெனி பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார வைத்தார். படம் போட்டவர், கம்பெனியில் ஷூ டிசைன் வரையும் ஷபீ அஹமது. வரைந்த பேய்க்கு அழகான இரண்டு கால், அதில் புது மாடல் ஷூ.

“பேய்க்குக் கால் கெடையாதே, ஷபீ!”

“கால் வரையலன்னா எனக்குக் கையே ஓடாதுக்கா.”

சனிக்கிழமை சாப்பாட்டு வேளையில், பயத்தைச் சோதித்துப் பார்க்க கதையின் ஐந்து பக்கங்களையும் தன் செக்கிங் லைன் பெண்களிடம் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போனார். திரும்பி வருவதற்குள் பழக்கதோஷம் வேலையைக் காட்டிவிட்டது.

“இன்னா ஹெலன் இது, பேய்க்கு வலது கையில ஆறு விரல் கீது!” என்றார் சுகரா பேகம், அம்பு ஒட்டியபடியே. “ரீவொர்க் அனுப்பு.”

“பல்லு ரெண்டு பக்கமும் மேட்ச் ஆவலக்கா,” என்றாள் மேகலா. “ரிஜெக்ட்.”

மொத்தம் முப்பத்தேழு அம்பு. பயந்தவர் ஒருவருமில்லை. பிய்த்தால் படமும் கூடவே வந்தது. மறுநாளே ஆதிகேசவன் வரச்சொன்ன நாள். அம்புகளோடு போய் நின்றார் ஹெலன்.

காலை பதினொரு மணி. ஆறு தறியும் காதைப் பிளக்க, ஆதிகேசவன் ஹெலனை எதிரே உட்காரவைத்து, இளித்துக்கொண்டே நாலு பக்கம் தள்ளினார். ஐந்தாம் பக்கத்துக் கடைசிக் கட்டத்தில் பேய் இறங்கிப் போய்விட்டது. காலி பஸ், காலி சீட். அந்தக் காலி சீட்டை நோக்கி ஓர் அம்பு.

“இங்க இன்னாம்மா இருக்குது?”

ஹெலன் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். “ஒண்ணுமில்லையே சார்.”

“ஒண்ணுமில்லாததுக்கு அம்பு எதுக்கு?”

ஹெலன் சுகரா பேகத்துக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். “நான் ஒட்டல ஹெலன். மேகலா எங்க வூட்லதான் கீது, அதுவும் இல்லங்குது. ஆனா எதையும் பாக்காம நம்ம லைன்ல யாரும் ஒட்ட மாட்டாங்களே?”

“தறிய நிறுத்துங்கப்பா!” என்று கத்தினார் ஆதிகேசவன். படத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தார், தள்ளி வைத்துப் பார்த்தார். விற்பனைக்கு மடித்திருந்த லுங்கியை உருவி நெற்றியைத் துடைத்தார். “ஏம்மா, உங்க அம்பு தப்பாப் போனது உண்டா?”

யார் கையிலிருந்தோ ஓர் அம்பு தவறி விழுந்து ஒட்டியிருக்கும் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பதினெட்டு வருஷ சர்வீஸ் என்னாவது?

“ஒருவாட்டி கூட இல்ல சார்.”

அவரே உள்ளே போய்க் கட்டைத் தூக்கிவந்து ஹெலன் மடியில் வைத்தார். அந்த ஐந்து பக்கத்தையும் விரல் நுனியால் அதன்மேல் தள்ளினார்.

“இதயும் எடுத்துனு போய்டும்மா.”

ஹெலன் எழுந்தார். சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை.

“இரும்மா, இப்பவேவா?” என்றார் ஆதிகேசவன், காலியாகக் கிடந்த பக்கத்து நாற்காலியை ஓரக்கண்ணால் பார்த்தபடி. “சம்சாரம் மார்க்கெட்டுக்குப் போயிருக்குது. வர்ற வரைக்கும் இங்க உக்காரு.”