பெஞ்சில் ஏறியவர்கள்

போன வாரம் ஆங்கிலப் பத்திரிகையில் ஒரு அரசியல்வாதி இன்னொருவரை ‘மவுண்ட்டிபேங்க்’ என்று திட்டியிருந்ததைப் படித்தேன். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். ஃபிராடு, சீட்டர், ஃபோர்ட்வென்ட்டி எல்லாம் நம் வீட்டுச் சொற்களாகவே ஆகிவிட்ட காலத்தில், இந்தப் பழைய சொல்லை எந்தப் பரணிலிருந்து இறக்கினாரோ!

கல்லூரியில் முதன்முதலாக அதைப் பார்த்தபோது நான் அகராதியைப் புரட்டவில்லை. மவுண்ட் என்றால் மலை, பேங்க் என்றால் கரை. தென்காசிக்காரிக்கு வேறென்ன தோன்றும்? ‘மலையடிவாரத்தில் வசிப்பவன்’ என்று பரீட்சையில் எழுதிவைத்தேன். பேராசிரியை அதை வகுப்பில் உரக்கப் படித்துக் காட்டினார். குற்றாலத்துப் பக்கம் இருப்பவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்களா என்று கேட்டு ஒருவாரம் சிரித்தார்கள்.

பிறகுதான் நூலகத்தில் பெரிய அகராதியைத் தேடிப் பார்த்தேன். பழைய இத்தாலியில் சந்தைக்கு வரும் மருந்துக்காரன் ஒரு பெஞ்சின்மேல் ஏறி நின்று பேசுவானாம். கூட ஒரு கோமாளி, சில சமயம் ஒரு பாம்பு. ‘பெஞ்சில் ஏறு’ என்று அவர்கள் பாஷையில் சொல்வதுதான் ஆங்கிலத்தில் இப்படி ஆகிவிட்டது. (நாம் பணம் போடும் பேங்க்கும் அதே பெஞ்சிலிருந்து வந்ததுதான். அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.) எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், அந்தச் சொல்லுக்குள் பொய் என்று எதுவுமே இல்லை. ஏறுவது இருக்கிறது, பெஞ்சு இருக்கிறது. பொய் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது எப்படி ஒட்டும் என்பதைச் சில வருடங்கள் கழித்துக் குற்றாலத்தில் கண்ணாலேயே பார்த்தேன். அதனால் எனக்கு அந்தச் சொல்லுக்கு ஒரு வாசனைகூட உண்டு. எண்ணெயில் ஓமமும் ஏதோ பச்சிலையும் கருகிய வாசனை.

அப்போது தென்காசியில் ஒரு டுடோரியலில் ஆங்கிலம் நடத்திக்கொண்டிருந்தேன். நான் குடியிருந்த வளவில், அந்த வரிசை வீடுகளில், அடுத்த வீடு ஜன்னத்துடையது. கடையநல்லூர்க்காரி. கணவருக்கு சவூதியில், தமாமில் வேலை. மகள் ஷமீமா அப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். அவளுக்கு வலிப்பு இருந்தது. திருநெல்வேலி டாக்டர் கொடுத்த மாத்திரையில் வலிப்பு நின்றது. ஆனால் பிள்ளை மந்தமாகிவிட்டாள். சோற்றை வாயில் வைத்தபடியே கண்ணை மூடிவிடுவாள்.

“எம்புள்ள எங்கூடத்தான் இருக்கா. ஆனா இல்ல டீச்சரக்கா” என்பாள் ஜன்னத்.

அந்த வருடம் சாரல் சீசன் நன்றாக இருந்தது. ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்களோடு குற்றாலம் போனவள், பேரருவிக்குப் போகும் வழியில் டீக்கடை பெஞ்சில் நின்று வலிப்புக்கு எண்ணெய் தருவதாகப் பேசிய ஒருவரைக் கேட்டுவிட்டு வந்தாள். அவரை நானும் பார்த்திருக்கிறேன். நரைத்த தாடி, துவைத்த வெள்ளைச் சட்டை, மைக் இல்லாமலேயே அருவிச் சத்தத்துக்கு மேல் கேட்கும் குரல். கோமாளியும் பாம்பும்தான் இல்லை, மற்றபடி அகராதியில் படித்த ஆளேதான் என்று எனக்குள் சிரித்துக்கொண்டு போயிருக்கிறேன்.

“மாத்திர நோயத் தூங்க வைக்கல, புள்ளையத்தான் தூங்க வைக்குதுங்காரு. நெசந்தானக்கா?”

“நல்லாப் பேசத் தெரிஞ்சவரு ஜன்னத். டாக்டர்ட்ட கேக்காம மாத்திரைய நிறுத்திராத.”

“எண்ணெ என்ன வெலன்னு கேட்டேன். கொணமான பொறவு வந்து ஒரு வார்த்த சொல்லுங்கம்மா, அது போதும்னுட்டாரு. ஏமாத்துதவன் இப்பிடிச் சொல்லுவானா?”

அன்று ராத்திரியே அந்த எண்ணெயைப் பிள்ளைக்குத் தேய்த்தாள். மாத்திரையை நிறுத்திவிட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததை என்னவென்று சொல்ல! ஷமீமா விழித்துக்கொண்டாள். வளவு முழுக்க ஓடினாள். என் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு, “அருவிக்கு மேல இருந்து யாரு டீச்சர் தண்ணி ஊத்துதா?” என்று கேட்டாள். மழை என்றேன். “மழைக்கு யாரு ஊத்துதா?” என்றாள். ஜன்னத் அடுக்களை வாசலில் நின்று, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சிரித்தாள். நான்கூட நம்பத் தொடங்கிவிட்டேன். ஒரு மாதம் அப்படிப் போயிற்று.

ஒரு மத்தியானம் டுடோரியலுக்கு ஆள் வந்தது. ஷமீமாவுக்கு வலிப்பு வந்து நிற்கவே இல்லை. தென்காசியில் முதலுதவி செய்து திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். பிழைத்துக்கொண்டாள். ஆனால் பேச்சு போய்விட்டது. வலது கை மடங்கியபடியே நின்றுவிட்டது.

வீட்டுக்குக் கூட்டிவந்த சில நாட்களில் ஜன்னத் குற்றாலம் கிளம்பினாள். “அவன் சட்டையப் பிடிச்சு நடுரோட்டுக்கு இழுக்கணும்” என்றாள். அவளைத் தனியாக விடப் பயந்து நானும் போனேன். ஐந்தருவி ரோட்டில் ஒரு தகரக் கொட்டகையைக் காட்டினார்கள். உள்ளே அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் மீசை முளைத்த ஒரு பையனின் தலை. அவன் உடம்பு வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. அவர் அதே எண்ணெயை அவன் நெற்றியில் தேய்த்துக்கொண்டிருந்தார். எங்களை நிமிர்ந்து பார்த்து, “செத்தப் பொறுங்கம்மா, இப்ப தெளிஞ்சிருவான்” என்றார்.

அவன் தெளிந்து தூங்கியபின் ஜன்னத் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் எண்ணெய் படிந்த தன் கையைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

“எம்மவனுக்குத் தடவுததத்தான் ஒங்க புள்ளைக்கும் தந்தேன். வேற எதும் எனக்குத் தெரியாதும்மா.”

“ஒங்க மவனுக்கு நின்னுச்சா?”

அவர் தூங்கும் மகனின் நெற்றியில் வழிந்த எண்ணெயைத் துடைத்தார்.

“டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில், “அவரு ஏமாத்தல டீச்சரக்கா, அவரே ஏமாந்து போயி இருக்காரு” என்றாள். அவ்வளவு பெரிய மனசு எனக்கு வராது. ஆனால் அன்றைக்கு அவள் சொன்னது சரி என்றுதான் பட்டது.

அடுத்த வருடச் சாரலில், பிள்ளைக்குத் தண்ணீரையாவது காட்டலாம் என்று மூவரும் போனோம். தூரத்திலேயே அந்தக் குரல் கேட்டது. அதே பெஞ்சு. மகனைக் காணவில்லை. கூட்டம் முன்னைவிட அதிகம்.

“தென்காசியில ஒரு முஸ்லிம் வீட்டுப் பொம்பளப்புள்ள, தாய்மாரே! மாத்திரையத் தின்னு செத்த மாதிரிக் கெடந்தா. இந்த எண்ணெயத் தேச்சு இன்னிக்கு ஓடுதா, பேசுதா! அவ அம்மாகிட்டயே கேட்டுப் பாருங்க!”

அந்த நிமிடத்தில்தான் அவர் ஏமாற்றுக்காரர் ஆனார். அதுவரை பெஞ்சில் ஏறிய ஒரு மனிதர், அவ்வளவுதான்.

நான் ஜன்னத்தின் கையைப் பிடிக்கப் பார்த்தேன். அவள் ஷமீமாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டாள். டீக்கடைக்காரர் “ஏம்மா, ஏம்மா” என்பதற்குள் எண்ணெய்க்காரர் பக்கத்திலேயே பெஞ்சில் ஏறி நின்றாள்.

“நான்தான் அந்த அம்மா. கேளுங்க. இதான் அந்தப் புள்ள” என்று மடங்கிய கையைத் தூக்கிக் காட்டினாள். “பேசச் சொல்லுங்க பாப்பம்!”

முன்னால் நின்றவர்கள் எட்டி அந்தக் கையைப் பார்த்தார்கள். பிறகு பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்: “ஏலே, இது பக்கத்து எண்ணெக் கடக்காரன் செட்டப்புலே!” சிரிப்பு எழுந்தது. “கீழ எறங்கும்மா, ஃபிராடு!” என்றான் இன்னொருவன். நோயாளிப் பிள்ளையைக் காட்டிப் பிழைக்கிறாள் என்று ஒரு கிழவர் காறித் துப்பினார். தோளில் குழந்தையைப் போட்டிருந்த ஒரு பெண் மட்டும் வாங்கிய பாட்டிலைத் திரும்ப வைத்துவிட்டு நடந்தாள். எண்ணெய்க்காரர், பாவி, ஜன்னத்தைப் பொய்க்காரி என்று சொல்லவில்லை. உண்மை என்றும் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். பெஞ்சில் அவளும் பிள்ளையும் மட்டும் நின்றார்கள்.

அவரை அப்புறம் யாரும் அங்கே பார்க்கவில்லை. பழைய டீக்கடைகளும் இப்போது இல்லை. மருந்து விற்பவர்கள் போனுக்குள் போய்விட்டார்கள், அங்கே யாரும் பக்கத்தில் ஏறி நிற்க முடியாது.

அந்த வருடக் கடைசியில் ஜன்னத் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு தாய்வீட்டோடு போனாள். பஸ் ஏறும்போது கேட்டாள்.

“அந்த ஒரு மாசம் எம்புள்ள பேசுனாளே, அதுவும் பொய்யா டீச்சரக்கா?”

“இல்ல ஜன்னத், அது நெசம்” என்றேன்.

பிறகு அவர்களை நான் பார்க்கவில்லை. ஷமீமா என்னிடம் கேட்டதெல்லாம் ஒன்றுவிடாமல் ஞாபகம் இருக்கிறது. எப்படிக் கேட்டாள் என்பதுதான், அந்தக் குரல்தான், எவ்வளவு யோசித்தாலும் வரவில்லை.