செல்வமேரி சொன்ன சாட்சி

பம்மலில் செல்வமேரி என்றால் தையல்காரம்மா. பள்ளிச் சீருடை தைக்கிற கம்பெனியில் காலர் வைக்க அவளை விட்டால் ஆள் கிடையாது. சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு. அதற்காக அவள் மூலையில் முடங்கியவள் இல்லை. மாத்திரையை விழுங்கினோமா, மிஷினை மிதித்தோமா என்று இருந்தவள். எப்போதாவது வரும், போகும்.

அவள் பிழைப்பில் மண்ணைப் போட்டது வலிப்பு இல்லை, வேதசிரோமணி. அவள் புருஷன் பென்னிக்குப் பெரியப்பா. எல்லாரும் ஒரே வீட்டில்தான். அதன் மொட்டை மாடியில் தகர ஷீட் போட்டு ஜெபக்கூட்டம் நடத்துகிறவர். வாயைத் திறந்தால் மைக்கே தேவையில்லை.

டாக்டர் எழுதிக் கொடுத்தார் என்று மூளை அலை பார்க்கிற டெஸ்டுக்குப் போனாள் செல்வமேரி. எண்ணெய் இல்லாமல் தலைக்குக் குளித்து வரச் சொன்னார்கள். பசை தடவி, தலை நிறைய ஒயர் ஒட்டி, மூச்சை இழுத்து விடச் சொல்லி, கண்ணெதிரே வெளிச்சத்தை மினுக்கி, அரை மணியில் அனுப்பிவிட்டார்கள். கைக்கு வந்த காகிதத்தில் எறும்பு ஊர்ந்தது போலக் கோடுகள். கடைசியில் அவளுக்குப் புரிந்த ஒரே வார்த்தை, நார்மல்.

டாக்டரைப் பார்க்கிற நாள் வருவதற்குள் பெரியப்பா அதைப் பிடுங்கிக்கொண்டார்.

"ஸ்தோத்திரம்! உன் தலைமேல கை வெச்சேனே, பார்த்தியா? மிஷினே சொல்லுது. இனிமே மாத்திரை முழுங்கினா அது அவிசுவாசம்மா."

அவளுக்கும் ஆசைதான். நோய் போய்விட்டது என்றால் யாருக்குத்தான் கசக்கும்? ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் அவளை நிறுத்தி, காகிதத்தைத் தூக்கிக் காட்டினார். கீழே இறங்கி வந்து தன் கையாலேயே மாத்திரைகளைக் கக்கூஸில் கொட்டித் தண்ணீர் ஊற்றினார்.

பத்து நாள் தாங்கவில்லை. சோறு வடிக்கும்போது விழுந்தாள். கொதிக்கிற கஞ்சி வலது கையில் கொட்டியது. புண் ஆறியது, விரல்கள் மட்டும் இழுத்துக்கொண்டன. ஊசியில் நூல் கோக்க முடியாத கைக்குக் கம்பெனியில் என்ன வேலை?

ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்த பெரியப்பா, "விசுவாசம் குறைஞ்சுபோச்சு" என்று ஒரே வார்த்தையில் பழியை அவள் தலையில் கட்டிவிட்டுப் போனார். அதையாவது பொறுத்திருப்பாள். அந்தக் காகிதத்தை ஜெராக்ஸ் போட்டுக்கொண்டு, போகிற இடமெல்லாம், "எங்க வூட்டு மருமவ சொஸ்தமானா" என்று அவர் சொல்லித் திரிவதைக் கேட்டதும் வயிற்றில் நெருப்பு விழுந்தது. அன்றிலிருந்து அது அணையாமல் அவளே பார்த்துக்கொண்டாள்.

புது டாக்டரம்மா மிருதுளா மாத்திரையை மறுபடி ஆரம்பித்து, இன்னொரு டெஸ்டுக்கும் எழுதினார். ராத்திரி தூங்காமல் வரவேண்டும். செல்வமேரி தூங்கவில்லை, கண் எரிய எரிய, "ஆண்டவரே, இந்த வாட்டி காகிதத்துல வலிப்பு தெரியணும். அந்தாள் மூஞ்சில விட்டெறியணும்" என்று வேண்டிக்கொண்டிருந்தாள். உலகத்தில் யாராவது இப்படி வேண்டுவார்களா? அவள் வேண்டினாள்.

அதுவும் நார்மல்.

டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். "அப்ப நான் நடிச்சேனா டாக்டர்? அவுரு சொன்னதுதான் நெசமா?"

"யாரு சொன்னா? இந்த டெஸ்ட் அந்த அரை மணி, ஒரு மணி நேரத்துக் கணக்குதாம்மா. வலிப்பு வராத நேரத்துல பலபேருக்கு அலை ஒழுங்காத்தான் ஓடும். ரயில்வே கேட்டுல அரை மணி நிக்கிறீங்க, ஒரு ட்ரெயினும் வரலை. அதுக்காகத் தண்டவாளத்துல பாய் விரிச்சுப் படுப்பீங்களா?"

"படுக்க வெச்சிட்டாரே டாக்டர்."

"நீங்க எப்படி விழுந்தீங்க, கூட இருந்தவங்க என்ன பார்த்தாங்க, அதை வெச்சுத்தான் உங்களுக்கு வலிப்புன்னு நான் சொல்றேன். நார்மல்னு வந்தா மாத்திரையை நிறுத்தலாம்னு அர்த்தம் இல்ல."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காகிதம் கை கொடுக்காவிட்டால் என்ன, வாய் இருக்கிறதே.

அடுத்த ஞாயிறு மாடியில் கூட்டம். முன்வரிசையில் ரத்தினபாய், பக்கத்தில் வலிப்பு வருகிற அவள் மகள் ஜீவிதா. அந்த ஜெராக்ஸை நம்பி, மகளின் மாத்திரையைப் பெரியப்பா காலடியில் வைக்கத்தான் வந்திருந்தாள். ஆண்டவர் செய்த நன்மையை எழுந்து சாட்சி சொல்கிற நேரம் வந்ததும் செல்வமேரி எழுந்தாள். பெரியப்பாவுக்கு முகமெல்லாம் பல். மைக்கை அவரே நீட்டினார்.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். என் டெஸ்ட் நார்மல். ரெண்டாவது டெஸ்டும் நார்மல். எனக்கு வலிப்பு இன்னும் கீது." முந்தானையை விலக்கிக் கையைத் தூக்கினாள். "பெரியப்பா மாத்திரையைக் கொட்டினாரு, நான் அடுப்பாண்ட விழுந்தேன். இதுதான் என் சாட்சி."

"மேரி, உட்காரும்மா. பிசாசு பேச வைக்குது."

"இருங்க பெரியப்பா. போன மாசம் உங்க சுகர் டெஸ்ட் நார்மல்னு லட்டு குடுத்தீங்களே, சுகர் மாத்திரையைக் கக்கூஸ்ல கொட்டினீங்களா? இன்னிக்குக் காலையில இட்லிக்கு முன்னாடி போட்டுகினு வந்தீங்களே, நான்தானே தண்ணி குடுத்தேன்?"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பெரியப்பா வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அந்த மனுஷனுக்கு வாழ்நாளில் முதல் தடவை மைக் தேவைப்பட்டது. அது அவள் கையில் இருந்தது.

ரத்தினபாய் மாத்திரை டப்பாவை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, மகள் கையைப் பிடித்துப் படியிறங்கினாள். அவள் பின்னால் இன்னும் சிலர்.

இரவு பென்னி, "பெரியவரை இப்படி அவமானப்படுத்தலாமா?" என்றான்.

"அவுரு அவமானம் ஆறிடும். என் விரலு நிமிருமா சொல்லு."

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் கையிலிருந்து ஜெராக்ஸ் காகிதம் மட்டும் காணாமல் போனது. அவள் மன்னிக்கவும் இல்லை. "வேற சபைக்குப் போயேன் அண்ணி" என்று நாத்தனார் ஜென்சி சொல்லிப் பார்த்தாள். எதற்குப் போகவேண்டும்? இன்றைக்கும் ஞாயிறு தவறாமல் மாடியேறி, ரத்தினபாய் விட்டுப்போன முன்வரிசை இடத்தில் உட்காருகிறாள். வலது கையை மடிமேல் மலர்த்தி வைத்துக்கொள்கிறாள். அவர் ஜெபத்துக்குக் கண்ணை மூடினாலும் அவள் மூடுவதில்லை.