சைபர் இல்லாத பெட்டி

கணினி அட்டவணையில் 00412 என்று அடிக்கிறேன். அடுத்த கட்டத்துக்கு நகர்ந்ததும் முன்னால் நின்ற சைபர் இரண்டும் காணாமல் போகின்றன. திரும்ப அடித்தால் திரும்பவும் போகின்றன. வேறு அலுவலகமென்றால் சிரித்திருப்பேன். நான் வேலை பார்ப்பது, பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தின் வில்லரேப் பகுதியில் ஒரு மரணச்சடங்கு நிலையத்தில்; அந்த இலக்கங்கள் அஸ்திப் பெட்டிகளுடையவை.

நான் திருகோணமலைக்காரன். அங்கே எரித்த இடத்தில் சாம்பல் அள்ளும் காடாத்து முடிந்த கையோடு அதைக் கடலில் கரைத்துவிடுவோம். இலக்கம் ஒட்டிக் கண்ணாடி அலுமாரியில் அடுக்கிவைப்பதை இங்கேதான் கண்டேன். எங்கள் ஆட்களும் ஊருக்குப் போக வசதிப்படும்வரை பெட்டியை இங்கே விட்டுவைக்கிறார்கள். சிலருக்கு அந்த வசதி வர வருடக்கணக்காகிவிடுகிறது.

கூட வேலை செய்யும் லூசியிடம் முறையிட்டேன். "முன்னால் வருகிற சைபருக்குத்தான் பெறுமதி இல்லையே!" என்று பிரெஞ்சில் ஆறுதல் சொன்னாள். எனக்குக் கணக்கு வராது என்று நினைத்துவிட்டாள் போலும். கட்டங்களை எழுத்து வடிவத்துக்கு மாற்றினேன். சைபர்கள் அசையாமல் நின்றன. ஆனால் எனக்கு மனம் கேட்கவில்லை, அலுமாரிகளைப் பார்க்கப் போனேன். மேல்மாடியில் 00412 இருந்தது. நிலவறையில், மூடிப்போன வேறொரு நிலையத்திலிருந்து வந்த பழைய பெட்டிகளுக்கிடையே, வெறும் 412 இருந்தது. இரண்டையும் தூக்கி அடியைப் பார்த்தேன். மேல்மாடிப் பெட்டியில், புறநகர் பியர்பொன்ட்ஸிலிருந்து வந்துபோகும் குலம் அண்ணையின் மனைவி பெயர். மற்றதில் பெயரே இல்லை.

குலம் அண்ணை வெள்ளிதோறும் பஸ் மாறி மாறி வந்து, நிலவறையில் நின்று கதைத்துவிட்டுப் போகிறவர். நான் வேலைக்குச் சேருமுன்பே யாரோ சைபர் காணாமல் போன அட்டவணையைப் பார்த்து அவருக்கு அந்த இடத்தைக் காட்டியிருக்கிறார்கள். அடுத்த கிழமை அவர் பெட்டியோடு ஊருக்குப் பறக்கவிருந்தார்.

அவரை இருத்திச் சொன்னேன். ஏசுவார் என்று பயந்தேன்.

"அப்ப நான் கதைச்சதெல்லாம் ஆர் கேட்டது?"

"தெரியாது அண்ணை. பேர் இல்லை."

"பிள்ளையளின்ர சண்டை, என்ர வருத்தம், எல்லாம் சொன்னனான். சொன்னாப் பிறகு மனம் ஆறும். ஆரோ கேட்டிருக்கு."

எனக்குத்தான் பயம். அவருக்குப் பயமே இல்லை.

மனைவியின் பெட்டியை நெஞ்சோடு அணைத்து வாங்கினார். வாசல்வரை போனவர் திரும்பி நிலவறைக்கு இறங்கினார். நானும் பின்னால் போனேன். செத்தவீட்டில் 'வாறன்' என்று சொல்லி விடைபெறுவது எங்கள் ஆட்களுக்கு ஆகவே ஆகாது. வாய் திறக்காமல் எழும்பிப் போய்விடுவோம். குலம் அண்ணை மனைவியைக் கையில் வைத்துக்கொண்டு 412க்கு முன்னால் நின்றார்.

"இவளைக் கடல்ல விட்டிட்டு வாறன்," என்றார். "நீங்கள் இருங்கோ."